நெசவாளி மகன் கட்டிய கல்விக் கோட்டை — நெசவாளி மகளுக்கு அங்கே இடம் உண்டா?

ஸ்காட்லாந்து நாட்டிலே டன்ஃபெர்ம்லின் என்றோர் ஊர். தறி ஓசையே தாலாட்டு, தறி ஓசையே திருப்பள்ளி எழுச்சி, அந்த ஊருக்கு. அங்கே வில்லியம் கார்னெகி என்றொரு கைத்தறி நெசவாளி. நல்ல கைத்திறன், நேர்மையான உழைப்பு, நாலு பேர் மதிக்கும் வாழ்வு. வந்தது நீராவி! ஓடியது விசைத்தறி! நின்றது கைத்தறி! வேலை கேட்டு அலைந்தான் நெசவாளி. கை இருந்தது, கலை இருந்தது, கஞ்சிக்குத்தான் வழியில்லை.

1848-ஆம் ஆண்டு அந்தக் குடும்பம் கப்பலேறிற்று. கப்பல் கட்டணத்துக்குக் கையிலிருந்த காசு போதவில்லை. தாயின் தோழி ஒருத்தி 20 பவுண்டு கடன் கொடுத்தாள். அந்தக் கடனோடும் கண்ணீரோடும் கடல் கடந்தவர்களிலே ஒருவன், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆண்ட்ரூ. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய அலெகேனியில் பஞ்சாலை ஒன்றில் நூற்கண்டு எடுத்துக் கொடுக்கும் எடுபிடி வேலை கிடைத்தது. வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட். விடியுமுன் போவான், இருட்டியபின் வருவான்.

படிக்க ஆசை. பள்ளிக்கு ஏது நேரம்? ஊரிலே ஆண்டர்சன் என்றொரு பெரியவர், தம்மிடமிருந்த புத்தகங்களை உழைக்கும் சிறுவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து வந்தார். சிறுவனும் படித்தான். பிறகு நூலகப் பொறுப்பாளர் ஒரு விதி போட்டார்: ஒப்பந்தம் எழுதித் தொழில் பழகும் சிறுவர்க்கே இலவசம், மற்றவர்கள் ஆண்டுக்கு 2 டாலர் கட்டவேண்டும்! தந்தி அலுவலகத்திலே வேலை பார்த்த ஆண்ட்ரூ மற்றவன் ஆகிவிட்டான். என்ன செய்தான்? அழுதானா? அடங்கினானா? எடுத்தான் பேனா! 1853-இல், பதினேழாவது வயதிலே, ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினான். உழைக்கும் சிறுவன் என்றால் யார், நானும் உழைப்பவன்தானே, எனக்கு ஏன் கதவு மூடினீர்கள் என்று கேட்டான். கேட்டதற்குப் பலன் கிடைத்தது. கதவு திறந்தது.

அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகமே வியந்த எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி.

வள்ளல் என்று வாழ்த்துப்பா பாட நான் வரவில்லை. 1892-இல், ஹோம்ஸ்டெட் என்ற இடத்தில், அவருடைய எஃகு ஆலைத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்றபோது, கூலிப்படைக்காரர் முந்நூறு பேரைப் படகிலே ஏற்றி அனுப்பியது அவருடைய நிர்வாகம். இரு தரப்பிலும் உயிர்கள் பறிபோயின. தொழிலாளர் சங்கம் நொறுக்கப்பட்டது. அந்தச் சமயம் கார்னெகி ஸ்காட்லாந்திலே ஓய்வெடுத்துக் கொண்டிருந்தார். அந்த இரத்தக்கறையை எந்தத் தருமமும் கழுவிவிடாது. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 2 டாலர் கேட்டு மூடிய கதவை அவர் மறக்கவில்லை. 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். 1900-ஆம் ஆண்டு, பிட்ஸ்பர்க் நகரத்து உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் தொழில் கற்க வேண்டும் என்று 10 இலட்சம் டாலர் தந்து தொழிற்கல்விக் கூடம் தொடங்க வழி செய்தார்.

அந்தக் கூடம் வளர்ந்தது. 1967-இல் மெலன் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து கார்னெகி மெலன் பல்கலைக் கழகம் ஆயிற்று. இன்று உலகத்திலே கணிப்பொறி இயல் என்றால் முன்வரிசையில் வைத்துப் பேசப்படும் பெயர்களிலே அது ஒன்று. இயந்திரத்துக்குச் சிந்திக்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற ஆராய்ச்சியை நியூவெலும் சைமனும் 1950-களிலேயே நடத்திய இடம் அது. கணிப்பொறி இயலுக்கென 1965-இல் தனித் துறை, 1988-இல் தனிப் பள்ளி. இன்று உலகமெல்லாம் "செயற்கை அறிவு, செயற்கை அறிவு" என்று ஓதுகிறார்களே, அந்த ஓட்டத்துக்கு வித்து ஊன்றிய வயல்களில் ஒன்று!

சரி. இனிக் கேள்விக்கு வருவோம்.

அந்த நெசவாளி மகன் இன்று பிறந்திருந்தால்? வேற்று நாட்டிலே, வேலையிழந்த நெசவாளி வீட்டிலே, அதே அறிவோடு, அதே ஆர்வத்தோடு, அதே பதினேழு வயதிலே, அவன் பெயரைத் தாங்கி நிற்கும் பல்கலைக் கழகத்துக்கே விண்ணப்பம் போட்டால்?

"வா தம்பி, வா! உனக்கு எவ்வளவு பணம் இருக்கிறது?"

ஓராண்டுக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 90,000 டாலர். நான்கு ஆண்டுக்கு மூன்று இலட்சத்து அறுபதாயிரம் டாலர். நம் கணக்கில் மூன்று கோடி ரூபாய்! "அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்? உதவித்தொகை உண்டா?" என்று கேட்டால், "அமெரிக்கக் குடிமகனுக்கு உண்டு, வெளிநாட்டிலிருந்து இளநிலைப் பட்டம் படிக்க வருபவர்க்கு இல்லை" என்பதே அங்குள்ள விதி. இடம் கிடைக்கலாம், பணம் கிடைக்காது. மேசையிலே சோறு வைத்திருக்கிறது, மேசைக்குப் போகும் வழியிலே மதில் வைத்திருக்கிறது.

கடன் வாங்கிக் கடல் கடந்து வந்தவன் கட்டிய கோட்டை, தோழர்களே! கடல் கடந்து வரும் ஏழைக்குக் காசு இல்லை என்கிறது!

ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. மற்றவர்கள் நிலையையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் சில பல்கலைக் கழகங்கள் உண்டு. மாணவன் பணம் கேட்கிறானா இல்லையா என்று பாராமலே அவன் தகுதியை எடை போடும். எடுத்தபின், அவன் குடும்பத்தால் கட்ட முடியாத மிச்சத்தைத் தாமே ஏற்கும். வெளிநாட்டு மாணவருக்கும் இதே முறையைக் கடைப்பிடிப்பவை எத்தனை? ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், 2022-இல் டார்ட்மத், பௌடின், அண்மையில் பிரௌன், நோட்டர் டேம்... ஆயிரக்கணக்கான கல்லூரிகள் உள்ள நாட்டிலே, இரண்டு கை விரலுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது பட்டியல்!

ஸ்டான்ஃபோர்டு? கூகுள் பிறந்த பூமி. அங்கே வெளிநாட்டு மாணவர்க்கு உதவி உண்டு. ஆனால் உதவி கேட்டாய் என்பதும் எடைத்தட்டிலே வைக்கப்படும். விண்ணப்பிக்கும்போது "பணம் வேண்டாம்" என்று எழுதிவிட்டால், பின்னர் நான்கு ஆண்டிலும் கேட்க முடியாது. கேட்டால் இடம் போகுமோ என்ற அச்சம் ஒருபுறம், கேட்காவிட்டால் படிப்பே போகும் என்ற அச்சம் மறுபுறம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சூதாட்டம், பார்த்தீர்களா!

எம்.ஐ.டி.யோ பணம் பார்ப்பதில்லை, பாராட்டுகிறேன். ஆனால் வாசல் எவ்வளவு அகலம்? 2025-இல் அங்கே விண்ணப்பித்தோர் 29,000-க்கும் மேல். எடுத்தது 1,300 பேரைச் சுற்றி. அதிலும் வெளிநாட்டவர்க்கு ஓர் அளவு உண்டு. உலகம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது பேர்தான். சீனத்துப் பிள்ளை, ருமேனியப் பிள்ளை, நைஜீரியப் பிள்ளை, வியட்நாமியப் பிள்ளை, இந்தியப் பிள்ளை, எல்லாரும் அந்த ஊசிக் காதிலே நுழைய வேண்டும்! கணக்கிலும் கணிப்பொறியிலும் உலகப் போட்டிகளில் பதக்கம் பெற்றவர்களே திரும்பிப் போகிறார்கள். 1989-இல் பல்கேரியாவில் தொடங்கிய பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு இன்று பலருக்கு விளையாட்டுப் பந்தயமாக இல்லை. அமெரிக்கக் கதவைத் தட்டும் சுத்தியலாகிவிட்டது!

இன்னொரு நுணுக்கமும் உண்டு. எம்.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்களில் பல்கலைக் கழகத்துக்குள் நுழைந்துவிட்டால் போதும், துறையைப் பின்னர் தேர்ந்தெடுக்கலாம். கார்னெகி மெலன், இல்லினாய், வாஷிங்டன் போன்ற இடங்களில் கணிப்பொறி இயலுக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி. வெளிக்கதவு திறந்தாலும் உள்ளறை திறக்கும் என்ற உறுதி இல்லை. இது தெரியாமல் விண்ணப்பம் போட்டு ஏமாந்தவர்கள் ஏராளம்.

"திறமைக்குத்தானே இடம்? திறமையுள்ளவன் போகட்டுமே!" என்பார் சில மேதாவிகள். திறமை என்பது என்ன, ஐயா? அங்கே மதிப்பெண் மட்டும் போதாது. கட்டுரை வேண்டும், ஆசிரியர் பரிந்துரை வேண்டும், பள்ளிக்கு வெளியே செய்த சாதனைகள் வேண்டும். ஆராய்ச்சி செய்தாயா? கோடைப் பயிற்சிக்குப் போனாயா? சங்கம் நடத்தினாயா? கேள்விகள் நல்ல கேள்விகள்தாம். ஆனால் விடுமுறையில் தறிக் குழியில் உட்கார்ந்து அப்பனுக்கு உதவிய பிள்ளை எந்தக் கோடைப் பயிற்சியைக் காட்டும்? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ, கட்டுரையைச் செதுக்கிக் கொடுக்கவும் சாதனையைச் சமைத்துக் கொடுக்கவும் ஆலோசகர் இருக்கிறார். ஆண்டுக்கு இலட்சம் டாலருக்கு மேல் வாங்கும் ஆலோசகர்களும் அங்கே உண்டு!

அதற்கும் மேலே போனவர் உண்டு. 2019 மார்ச்சில் அமெரிக்காவையே அதிரவைத்த வழக்கு நினைவிருக்கலாம். ரிக் சிங்கர் என்ற தரகர். முன்வாசல் திறமைக்கு, பின்வாசல் பெரும் நன்கொடைக்கு, நான் திறப்பது பக்கவாசல் என்று கணக்குச் சொன்ன கெட்டிக்காரர்! தேர்வு எழுத ஆள்மாற்றம், படகே ஓட்டாத பிள்ளைக்குப் படகோட்டி வேடம், பயிற்சியாளருக்குக் கையூட்டு. பெற்றோர்கள் கொட்டிய தொகை இரண்டரைக் கோடி டாலர். 2023 சனவரியில் சிங்கருக்கு மூன்றரை ஆண்டுச் சிறை. பக்கவாசலை நீதிமன்றம் அடைத்தது, சரி. பின்வாசல்? அது சட்டப்படியே திறந்திருக்கிறது! பழைய மாணவர் பிள்ளைக்கு முன்னுரிமை என்ற வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பிறப்பால் வரும் சலுகை எந்த நாட்டில் எந்த வேடத்தில் வந்தாலும் அதன் நாற்றம் ஒன்றுதான். கலிஃபோர்னிய மாநிலம் 2024-இல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டது. எம்.ஐ.டி. அந்தச் சலுகையைத் தருவதே இல்லை.

அதே எம்.ஐ.டி. இன்னொன்றும் செய்தது. கொரோனா நோய்க் காலத்தில் நிறுத்திய நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 2022 மார்ச்சில் மீண்டும் கட்டாயமாக்கிற்று. "தேர்வு பணக்காரனுக்கே சாதகம்" என்று நாம் சொல்வோம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தையும் கேளுங்கள்: வசதியற்ற பள்ளியில் படித்த பிள்ளையிடம் காட்டுவதற்கு வேறு சாதனை இல்லை, அவன் திறமை வெளிப்பட ஒரு மதிப்பெண்ணாவது வேண்டும் என்றார்கள். தேர்வு ஒரு மதில்தான். ஆனால் கட்டுரையும் கோடைப் பயிற்சியும் அதைவிட உயரமான மதிலாகிவிட்டால், ஏழைப் பிள்ளை எந்த மதிலைத் தாண்ட முயலும்? சிந்திக்க வேண்டிய செய்தி இது. எதையும் ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டுக் கைதட்டுவது நமக்கு அழகல்ல.

பல்கலைக் கழகம் "வா" என்றாலும் போதாது. அரசாங்கம் "வா" என்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் விசா கேட்டு வரும் மாணவனை எப்படிப் பார்க்கிறது தெரியுமா? திரும்பிப் போக மாட்டான், இங்கேயே தங்கிவிடுவான் என்றே எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டியது மாணவன் பொறுப்பு! 2025-ஆம் ஆண்டு அந்தச் சந்தேகம் சட்டாம்பிள்ளையாகவே ஆகிவிட்டது. மே 22-ஆம் நாள், ஹார்வர்டு வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையையே டிரம்ப் அரசு பறித்தது. ஏறத்தாழ 6,800 மாணவர்கள் ஒரே நாளில் நடுத்தெருவில்! மறுநாளே நீதிமன்றம் தடைபோட்டதால் மூச்சு வந்தது. அதே மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிய நாள் ஒதுக்குவது நிறுத்தப்பட்டது. சூனில் மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்கைத் திறந்து காட்டு என்றார்கள். அதே சூனில் ஈரான், ஆப்கானிஸ்தான், மியன்மார், சூடான் உள்ளிட்ட 12 நாட்டவர்க்கு நுழைவுத் தடை. அந்த நாட்டிலே பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வந்தாலென்ன, கணிப்பொறி வந்தாலென்ன!

இவ்வளவையும் மீறிப் போகிறார்களா? போகிறார்கள்! 2024-25 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர் 11 இலட்சத்து 77 ஆயிரம் பேர். அதில் முதலிடம் இந்தியாவுக்கு: 3 இலட்சத்து 63 ஆயிரம். கணிதமும் கணிப்பொறியும்தான் அவர்கள் மொய்க்கும் துறை. பெரும்பாலோர் முதுநிலைப் பட்டத்துக்குப் போகிறவர்கள். நிலத்தை அடகு வைத்து, வீட்டை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போகிறவர்கள்.

கதவு திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். 1937-இல், அந்நாள் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில், உழவர் வீட்டிலே பிறந்தார் ராஜ் ரெட்டி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம். ஆஸ்திரேலியா போய், அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு போய், 1966-இல் கணிப்பொறி இயலில் முனைவர். மனிதன் பேசுவதை இயந்திரம் புரிந்துகொள்ளச் செய்யும் ஆராய்ச்சியிலே முன்னோடி. 1994-இல் கணிப்பொறி உலகின் மிகப் பெரிய விருதான டூரிங் பரிசு. அவர் 1991 முதல் 1999 வரை தலைமை வகித்த பள்ளி எது தெரியுமா? கார்னெகி மெலன் கணிப்பொறி இயல் பள்ளி! நெசவாளி மகன் தொடங்கிய இடத்தில் உழவர் மகன் தலைவர்! அறிவு சாதி கேட்டா வரும்? குலம் பார்த்தா குடியேறும்?

பல்கலைக் கழகத்தார் ஒரு மறுமொழி சொல்வார்கள். "அமெரிக்க மாணவனுக்கு அமெரிக்க அரசும் உதவுகிறது, வெளிநாட்டானுக்கு முழுச் சுமையும் எங்கள் தலையில். ஹார்வர்டிடம் ஐயாயிரம் கோடி டாலருக்கு மேல் கருவூலம். எங்களிடம் முந்நூறு கோடியைச் சுற்றித்தான்." நியாயமான வாதம், ஒதுக்கமாட்டேன். ஆனால் பௌடின் கல்லூரியின் கருவூலம் அதைவிடப் பெரிதல்ல. மாணவர் தொகை குறைவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இருந்தும் 2022-இல் கதவைத் திறந்தது. எல்லாருக்கும் கொடு என்று யார் கேட்டார்? ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு? ஐந்து பேருக்கு? 20 பவுண்டுக் கடனில் கப்பலேறியவன் பெயரால், ஒரே ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு?

சென்ற மாதம் ஒரு பொதுக்கூட்டம். மேடையை விட்டு இறங்கியதும் தறிப்பட்டறைத் தொழிலாளி ஒருவர் ஓரமாக அழைத்துப் போனார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

"தம்பி, என் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரிலேயே என்னென்னவோ எழுதுகிறாள். அமெரிக்காவுக்குப் போடலாம் என்கிறாள். டவுனில் ஓர் ஆபீசில் கேட்டேன். ஆறு மாதக் கூலியை முன்பணமாகக் கட்டு, இடம் வாங்கித் தருகிறோம் என்கிறான். கட்டட்டுமா?"

"கட்டாதீர்கள், அண்ணே! இடம் வாங்கித் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் அவன் பக்கவாசல்காரன்."

"அப்போ நம்ம மாதிரி ஆளுக்கு வழியே இல்லையா?"

அவர் கேட்டது உங்கள் எல்லார் சார்பிலும் கேட்டது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

வழி குறுகல், ஆனால் உண்டு. பணம் பாராமல் எடுக்கும் அந்தச் சில இடங்களுக்கு மட்டும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். எம்.ஐ.டி.க்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு. கட்ட இயலாது என்று சொல்லி விலக்குக் கேட்கலாம். அது பிச்சையல்ல, விதியிலேயே இருக்கும் உரிமை. கட்டுரையிலே பொய்ச் சாதனை வேண்டாம். தறிக் குழியை எழுதட்டும். நூல் அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிக்கும் அப்பனின் விரலை எழுதட்டும். அதைவிடச் சிறந்த கணிப்பொறிப் பாடம் எது?

கிடைக்காவிட்டால்? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்குக் கிடைக்காதுதான். அதற்காக அவள் அறிவு குறைந்தது என்று பொருளல்ல. இங்கே நல்ல கல்லூரியில் பட்டம் முடிக்கட்டும். முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக் கழகங்களிலே கணிப்பொறி இயலில் சேர்ந்தால், பொதுவாகக் கல்விக் கட்டணத்தையும் அவர்களே ஏற்று, வாழ்க்கைச் செலவுக்கும் ஊதியம் தருகிறார்கள். கார்னெகி மெலனும் அப்படித்தான். இளநிலைக்கு மூடிய கதவு ஆராய்ச்சிக்குத் திறக்கிறது. கிண்டியிலே தொடங்கித்தானே ஸ்டான்ஃபோர்டு போனார் அந்த உழவர் மகன்! வீட்டை மட்டும் அடகு வைக்காதீர்கள். மகள் அறிவு வளரும். வட்டி அதைவிட வேகமாக வளரும்.

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது ஒன்று கேட்டார்: "அந்தப் பையன் கடிதம் எழுதினான் என்று மேடையிலே சொன்னாயே தம்பி, உழைக்கும் சிறுவன் யார் என்று கேட்டு... அதை என் மகளிடம் சொல்லலாமா?"

சொல்லுங்கள், அண்ணே! அவசியம் சொல்லுங்கள்! 1853-இல் 2 டாலர் கேட்டு மூடிய கதவை ஒரு கடிதம் திறந்தது. இன்று மூன்று கோடி ரூபாய் கேட்டு மூடிய கதவுக்கு ஒரு கடிதம் போதாது. ஆயிரம் கடிதம் வேண்டும். உழைக்கும் மாணவன் யார், அவன் எந்த நாட்டில் பிறந்தால் உங்களுக்கென்ன என்று அந்தப் பல்கலைக் கழகத்து மாணவர்களும் ஆசிரியர்களுமே கேட்க வேண்டும். கேட்கத் தொடங்கினால் திறக்கும். ஆம்ஹெர்ஸ்ட் திறந்தது, டார்ட்மத் திறந்தது, பிரௌன் திறந்தது. எவரும் கேட்காமலா திறந்தார்கள்?

நெசவாளி மகன் கட்டிய கோட்டை அது. நெசவாளி மகள் ஒருநாள் அதன் வாசலில் நிற்பாள், கையிலே கடன் பத்திரம் இல்லாமல், கண்ணிலே கலக்கம் இல்லாமல். அன்றுதான், தோழர்களே, அந்தக் கோட்டை தன் பெயருக்கு உரியதாகும்!